வில்லையில் கீறிய எண்

சீனிச்சாமி ஜீப்பைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்தபோது, அவனுடைய அம்மா ராக்கு அடுப்புக்குப் பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு ஏலக்காய் பார்த்துக்கொண்டிருந்தாள். வெடித்த காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், நல்ல பச்சை மடிக்குள். போடியில் ஒரு சரக்குக் கிட்டங்கியிலிருந்து மூட்டை வீட்டுக்கே வரும். எழுபத்தொன்பது வயதில் அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். கண்ணும் விரலும் அப்படியே இருந்தன.

ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை. ஓட்டிலிருந்து ஒழுகிய இடத்தில் சீனிச்சாமியின் பெண்டாட்டி அனுசியா ஒரு வாளியை வைத்திருந்தாள். வீடு முழுக்க ஏலக்காய் வாசமும் ஈர விறகுப் புகையும்.

"ஆத்தா, முறத்த வையி. இதக் கொஞ்சம் பாரு."

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். பச்சைக் களிம்பேறிய உலோகத் துண்டு ஒன்று. உள்ளங்கையில் பாதி இருக்கும். மேலே கிரீடம், கீழே வளைந்த பட்டையில் தேய்ந்துபோன இங்கிலீஷ் எழுத்து. கூடவே துருவேறி இற்றுப்போன ஒரு லாடம், பூட்ஸ் குதிகாலில் அடிப்பது.

"எங்கிட்டுடா கெடந்துச்சு?"

"குரங்கணிக்கு மேல ரோட்ட அகலப்படுத்துறாகள்ல, மூணாவது வளைவுல. அங்ஙனதான் பழைய கழுதப் பாதை ஏறும். நம்ம சின்ராசு மண்ணள்ளுற மிசினு ஓட்டுறான். அவன் பக்கெட்டுல வந்திருக்கு. எந்தக் காலத்துலயோ சரிஞ்ச மண்ணாம், ஆளு ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு. பட்டாளத்துச் சாமான் மாதிரி இருக்கு, உங்காத்தாகிட்டக் காட்டுங்கண்ணேன்னு குடுத்தான்."

"எலும்பு?"

"ஒண்ணுமில்ல. அந்த மண்ணு எல்லாத்தையும் தின்னுரும் ஆத்தா."

ராக்கு அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள். பெருவிரலால் பின்பக்கத்தை மெல்லத் தடவினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"அனுசியா, கீறியிருக்கான்னு பாரு."

அனுசியா போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்தாள். களிம்புக்கு அடியில் ஊசியால் இழுத்தது போல மெல்லிய கோடுகள்.

"எண்ணு எழுதியிருக்கு அத்த. ரெண்டு... ஒண்ணு... ஏழு... ஆறு... நாலு."

சட்டென்று நிமிர்ந்தவள் போனில் எதையோ தேடினாள். முந்தின வாரம் பங்காளிகளின் கோயில்வீட்டில் நினைவுக்கல் வந்து இறங்கியபோது யாரோ எடுத்து ஊர் குரூப்பில் போட்ட படம். சுவரில் தொப்பி வைத்த ஒரு இளவட்டத்தின் படம். அதன் கீழே, பட்டாளத்தில் சேர்ந்தபோது வந்த காகிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அனுசியா அதைப் பெரிதாக்கினாள். சிவனாண்டி. 21764.

வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

சிவனாண்டி ராக்குவின் அப்பா என்று அவளுடைய அம்மா பேச்சி சொன்னாள். ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. சண்டைக்காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா பக்கம் ரோடு போடும் படையோடு போனவர் அவர். நாற்பத்து நாலாம் வருஷம் இதே ஐப்பசி மழையில் ஒருநாள் பொழுது சாயும் நேரம், குரங்கணித் தோட்டத்துக் குடிசையில் தனியாக இருந்த பேச்சியின் முன்னால் வந்து நின்றாராம். காலெல்லாம் புண். இனிமேல் அங்கே போகமாட்டேன், மலை தாண்டி மலையாளத்துப் பக்கம் போய்விடுகிறேன், சண்டை முடிந்ததும் வருகிறேன் என்றாராம். தொப்பியை வழியில் எறிந்துவிட்டவருக்கு அதில் குத்தியிருந்த வில்லையை எறிய மனம் வரவில்லை. பின்னால் தன் நம்பரைக் கீறி மடியில் முடிந்து வைத்திருந்தார். விடியும் முன்னே கழுதைப் பாதையில் ஏறியவர் பிறகு வரவேயில்லை. அடுத்த ஆடியில் ராக்கு பிறந்தாள்.

புருஷன் பட்டாளத்தில் இருக்கும்போது பிள்ளை எப்படி வந்தது என்று பங்காளிகள் கேட்டார்கள். பேச்சி சொன்ன பதிலை யாரும் நம்பவில்லை. அவளைத் தள்ளிவைத்தார்கள். பிறகு, சிவனாண்டி பர்மாவில் சண்டை போட்டுச் செத்தார் என்று படத்தை மாட்டி மாலை போட்டார்கள். அவர் பர்மாவில் செத்திருந்தால் ராக்கு அவருக்குப் பிறந்திருக்க முடியாது. ராக்கு அவருக்குப் பிறந்தவள் என்றால் அவர் படையை விட்டு ஓடிவந்தவர். இரண்டில் ஒன்றுதான் நிற்கும். எண்பது வருஷமாக ஊர் முதலாவதைத்தான் நிறுத்தியிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைக் கல்லிலும் வெட்டி நடப்போகிறார்கள்.

"குடைய எடு" என்றாள் ராக்கு.

"எங்க ஆத்தா?"

"கோயில்வீட்டுக்கு."

குலசாமிப் பெட்டி இருக்கும் கோயில்வீட்டின் முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திய கல் சுவரில் சாய்ந்திருந்தது. வகையறாவுக்குப் பெரியவர் பெரியகருப்பன் உள்ளே பந்தல்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார். சிவனாண்டியின் தம்பி மகன். எழுபத்து நாலு வயது. ராக்கு படியேறியதும் பேச்சு நின்றது. அதுவரை அந்தப் படியில் அவள் கால் வைத்ததே இல்லை.

"அங்ஙனயே நில்லு ராக்கு. என்ன சோலி?"

"எங்கய்யா வில்லை கெடைச்சிருக்கு தம்பி."

"தம்பின்னு யாரச் சொல்ற?"

"ஒன்னயத்தான். எங்க சித்தப்பன் மகன் நீ."

சீனிச்சாமி முன்னால் வந்து நடந்ததைச் சொன்னான். பெரியகருப்பன் வில்லையைக் கையில் வாங்கவில்லை. அவன் உள்ளங்கையில் இருந்தபடியே குனிந்து பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டியபோது அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சிரித்தார்.

"நல்லாச் செஞ்சிருக்கீக. இந்த மாதிரி வில்லை போன்ல தட்டுனா வீட்டுக்கே வருதாம்ல. நம்பருதான் இந்தா செவுத்துல தொங்குது, யாரு வேணா பாத்துக் கீறலாம். கல்லு வந்த மறுவாரமே வில்லையும் வந்துருச்சு. எண்பது வருசமா எங்க போயிருந்துச்சாம்?"

"மண்ணுக்குள்ள இருந்துச்சு" என்றாள் ராக்கு.

"அவரு பேருல இந்த வகையறாவுல பதினோரு பயலுக பட்டாளத்துக்குப் போயிருக்கானுக. ரெண்டு பேரு இப்பவும் பார்டர்ல பனிக்குள்ள நிக்கிறானுக. போறப்ப அந்தப் படத்துக்கு முன்னால விழுந்து கும்புட்டுட்டுத்தான் போறானுக. அவர ஓடியாந்தவருன்னு சொல்ல வந்தியா நீ?"

"எங்கம்மா பொய் சொல்லலன்னு சொல்ல வந்தேன்."

திண்டில் சாய்ந்திருந்த இரண்டு மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். ஒருவன் சீனிச்சாமியின் தோளில் கைவைத்துத் தள்ளினான். பெரியகருப்பன் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். முற்றத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் பார்க்க அவளை விரட்டினால் பேச்சு வளரும் என்று அவருக்குத் தெரியும்.

"போடியில ஞானசெல்வின்னு ஒரு அம்மா பழைய பித்தள எடுக்குது. பட்டாளத்து மெடல், வில்லை எல்லாம் நெசமா போலியான்னு உலோகத்தப் பாத்தே சொல்லிரும். கோயமுத்தூர்லருந்து அதுகிட்டத்தான் கேக்குறாக. நாளைக்குக் கொண்டா. போலின்னு அந்தம்மா சொல்லிட்டா, நீயும் ஒம்மகனும் இந்த ஊர விட்டுப் போயிரணும். சம்மதமா?"

"நெசம்னு சொல்லிட்டா?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"நெசம்னா நீ கேக்குறதச் செய்யுறேன். பெட்டிச்சாமி மேல சத்தியம்."

வீட்டுக்குத் திரும்பும்போது அனுசியா அழுதாள். "ஏன் அத்த, அவசரப்பட்டு ஒப்புக்கிட்டீகளே. ஒருவேள அது வேற என்னமோவா இருந்துட்டா? இந்த வீட்ட விட்டா எங்கத்த போவோம்?"

வீட்டுக்கு வந்து ராக்கு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முறத்தை மறுபடி மடியில் இழுத்துக்கொண்டாள். அன்று அவள் பார்த்த ஏலக்காயில் வெடித்ததும் பச்சையும் கலந்து கிடந்ததை அனுசியா பிறகு கவனித்தாள்.

ஞானசெல்வியின் கடை போடியில் ரயில்வே ஸ்டேஷன் போகிற சாலையில் இருந்தது. வாசலில் அண்டா, குத்துவிளக்கு, அடி ஓட்டையான குடங்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு விளக்கு, சுவரில் சிலுவை. ஐம்பத்தெட்டு வயது அவளுக்கு. இருபத்தாறு வருஷமாகப் பித்தளையும் செம்பும் தரம் பிரித்துப் பழகியவள். பழைய டிரங்குப் பெட்டிகளோடு பட்டாளத்துச் சாமான்களும் வரும். ஆரம்பத்தில் ஒரு போலி வில்லையை நிஜமென்று நம்பி ஏமாந்து, அந்தக் கோபத்திலேயே இதைப் படித்தாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவர்கள் வந்தபோது பெரியகருப்பன் முன்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூட நான்கு பேர். ஞானசெல்வியின் கணவர் ஐசக் தராசுக்குப் பின்னால் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடம் பெரியகருப்பனின் சம்பந்திக்குச் சொந்தம். காலையில் சம்பந்தி ஐசக்குக்குப் போன் செய்திருந்தார். வேறொன்றும் சொல்லவில்லை, பெரியவர் வர்றார், பார்த்துச் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார்.

"செல்வி, ஒரு நிமிசம்" என்று ஐசக் மனைவியைச் சாமான்களுக்குப் பின்னால் கூப்பிட்டார். "தெரியலன்னு சொல்லிரு. களிம்பு ஏறிப்போச்சு, ஒண்ணும் சொல்ல முடியலன்னு சொல்லிரு. யாருக்கும் பொல்லாப்பில்ல."

"பாக்காம எப்பிடிங்க சொல்றது?"

"பாத்துட்டும் அதையே சொல்லு."

அவள் மேசைக்கு வந்து விளக்கைப் போட்டாள். கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு வில்லையை வாங்கினாள். காந்தத்தைக் காட்டினாள். ஒட்டவில்லை. பின்பக்கத்தைத் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து வேறு இரண்டு வில்லைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இது அச்சுல அடிச்சதில்ல" என்றாள்.

"அப்படின்னா?" என்றார் பெரியகருப்பன்.

"சீமையில செஞ்ச வில்லைய இப்பிடித் தகட்டுல அச்சு வச்சு அடிப்பாங்க." இரண்டில் ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். "முன்னால மேடா இருக்கிறது பின்னால பள்ளமா விழுந்திருக்கும். இது அப்பிடி இல்ல. உருக்கி வார்த்தது. முதுகெல்லாம் சின்னச் சின்ன ஓட்ட. எழுத்தும் மழுங்கியிருக்கு." மற்றதைத் தொட்டாள். "இது போலி. நான் ஏமாந்த வில்லை இதுதான். இதுவும் வார்த்ததுதான்."

பெரியகருப்பன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கூட வந்த ஒருவன், "முடிஞ்சுதுல்ல?" என்று எழுந்தான். சீனிச்சாமி அம்மாவின் கையைப் பிடித்தான். அது சில்லென்று இருந்தது.

"உக்காருங்க" என்றாள் ஞானசெல்வி. "நான் இன்னும் சொல்லி முடிக்கல."

"வார்த்ததுன்னா போலின்னு நீதானம்மா சொன்ன?" என்றார் பெரியகருப்பன்.

"போலியெல்லாம் வார்த்ததுன்னு சொன்னேன். வார்த்ததெல்லாம் போலின்னு சொல்லலங்கய்யா. சண்ட உச்சத்துல இருந்தப்ப சீமையிலருந்து வில்லை வந்து சேரல. முகாமுக்குப் பக்கத்துல இருந்த பஜார்லயே மண்ணச்சுல வார்த்துத் தொப்பியில குத்திக்கிட்டாங்க. அந்த மாதிரி வில்லை என் கைக்கு இதுக்கு முன்னால நாலு வந்திருக்கு. நாலும் பென்சன் வாங்குன வீட்டுலருந்து வந்தது. அதனால வார்ப்ப வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. உள்ள இருக்கிற உலோகத்தப் பாக்கணும்."

"அத எப்பிடிப் பாப்ப?"

"ஓரத்துல அரத்த வைக்கணும். அரிசி மொன அளவு போயிரும். உடைமைக்காரங்க சம்மதிக்கணும்." அவள் ராக்குவைப் பார்த்தாள். "வைக்கட்டாம்மா?"

"வையி தாயி."

ஐசக் தராசுத் தட்டை ஓசைப்படத் துடைத்தார். மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை.

மேசையில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்தாள். முதலில் போலி வில்லையின் ஓரத்தில் மெல்லிய அரத்தை நாலு இழுப்பு இழுத்தாள். காகிதத்தில் ரவை போலப் பொடி உதிர்ந்தது. வெளிறிய மஞ்சள்.

"வந்து பாருங்க. இது இப்பத்தக் குழாய்ப் பித்தள. பழைய குழாயி, வால்வு எல்லாம் உருக்குனா இதுதான் கிடைக்கும். ஈயம் கலந்திருக்கும். அதனால பொடிப்பொடியா உதிரும். இப்பப் போலி செய்யுறவன் எவனும் இதத்தான் உருக்குவான், வேற சரக்கு அவனுக்கு மலிவாக் கிடைக்காது."

வேறொரு காகிதத்தை விரித்தாள். மண்ணுக்குள் கிடந்த வில்லையை இடது கையில் பிடித்து, கிரீடத்துக்குப் பின்னால் மறைவான ஓரத்தில் அரத்தை வைத்தாள். கடைக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. உள்ளே ஒன்பது பேர் அரத்தையே பார்த்தார்கள். ஒரு இழுப்பு. இரண்டு. அரம் வழுக்கவில்லை, கடித்து இழுத்தது. மூன்று. நான்கு.

காகிதத்தில் பொடி விழவில்லை. மயிர்போல மெல்லிய இழைகள் சுருண்டு அரத்தின் பல்லிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. ஞானசெல்வி அவற்றை ஊசியால் எடுத்துக் காகிதத்தில் வைத்தாள். வெளிச்சத்தில் செம்மை கலந்த பொன்னிறம்.

அவள் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"ஈயமே இல்ல. இது தோட்டா உறை."

"தோட்டாவா?"

"துப்பாக்கி சுட்டதும் வெளிய விழுமே, அந்தப் பித்தளக் கூடு. அந்தப் பித்தளையில செம்பு தூக்கலா இருக்கும், வளைஞ்சு குடுக்கும், உதிராது. சண்ட நடந்த இடத்துல அதுதான் குவிஞ்சு கிடக்கும். அதப் பொறுக்கி உருக்கித்தான் அங்க வில்லை வார்த்தாங்க. நான் பாத்த நாலு வில்லையும் இதே மாதிரிதான் சுருண்டுச்சு."

"சரிம்மா" என்றார் பெரியகருப்பன். குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "வில்லை பழசாவே இருக்கட்டும். எங்கயோ ஒரு பழைய வில்லைய வாங்கி நம்பரப் போன வாரம் கீறியிருக்கலாம்ல?"

"கேக்க வேண்டியதக் கேட்டீங்க." அவள் பஞ்சை எலுமிச்சம் சாற்றில் நனைத்துக் கீறலின் ஒரு முனையில் மட்டும் மெல்ல ஒற்றினாள். "புதுக் கீறல்னா உள்ள பளபளன்னு இருக்கும். ஆசிட்ட ஊத்திக் கருக்க வச்சா, மேல வர்ற பச்சை மாவு மாதிரி இருக்கும், இந்தப் பஞ்சோட வந்துரும். இங்க வரல பாருங்க. இந்தக் கண்ணாடியில நீங்களே பாருங்க. 'ஏழு' மேல களிம்பு இந்தக் கரையிலருந்து அந்தக் கரைக்குக் கெட்டியாப் படிஞ்சிருக்கு. கீறுனதுக்கு அப்புறம்தான் இது மண்ணுக்குள்ள போயிருக்கு. ஒரு வாரத்துலயோ ஒரு வருசத்துலயோ இது படியாது."

பெரியகருப்பன் எழுந்து வந்து குனிந்தார். கண்ணாடியை வாங்கிக் கண்ணில் வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எழுதிக் குடுப்பியா?"

"செல்வி..." என்றார் ஐசக்.

"குடுக்குறேங்கய்யா" என்றாள் அவள். பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ராக்குவின் கையில் கொடுக்கும்போது, "அந்த ஆளு இத மடியிலதான் வச்சிருந்திருப்பாரும்மா. பின்னால இருக்கிற காது வளையத்துல துணி நூலு ரெண்டு இழை களிம்போட கெட்டிப்பட்டு ஒட்டியிருக்கு" என்றாள்.

ராக்கு அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அழவில்லை.

வெளியே மழை வெறித்திருந்தது. பெரியகருப்பன் கூட வந்தவர்களைக் காரில் போகச் சொல்லிவிட்டு, சீனிச்சாமியின் ஜீப்பில் ஏறிப் பின்சீட்டில் ராக்குவுக்கு எதிரே உட்கார்ந்தார். அனுசியா முன்னால் இருந்தாள். ஜீப்பு போடியைத் தாண்டியது. மாந்தோப்புகள் தொடங்கியபோது அவர்தான் வாயைத் திறந்தார்.

"அக்கா."

ராக்கு அவரைப் பார்த்தாள். எழுபத்து நாலு வருஷத்தில் முதல் தடவை. அதுவும் ஜீப்புக்குள், ஊர் கேட்காத இடத்தில்.

"சொல்லு."

"இத நமக்குள்ள வச்சுக்கிருவோம். கல்லு ஞாயித்துக்கிழம நடட்டும். வர்ற மாசிக் கும்புடுக்கு ஒன்னயக் கோயில்வீட்டுக்குள்ள கூப்புட்டு மொதத் துன்னூறு குடுக்குறேன். பெரியப்பன் மகள்னு நானே சொல்றேன். எப்பிடின்னு யாரும் கேக்காமப் பாத்துக்கிறேன்."

"எப்பிடிக் கேக்காம இருப்பாக?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கய்யா சாகுறப்பச் சொன்னாரு. நாப்பத்தஞ்சுல ரெண்டு தடவ போலீசு வந்துச்சாம். பட்டாளத்த விட்டு ஓடியாந்துட்டான், வீட்டுல ஒளிச்சு வச்சிருக்கீகளான்னு கேட்டு எங்கய்யாவ அடிச்சிருக்காக. அத வெளிய சொல்லாம அமுக்கிட்டாக. பெறகுதான் படத்த மாட்டுனாக. பெரியம்மா சொல்றது நெசமா இருக்கும்னு அவருக்குத் தெரியும்."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"எழுவத்தஞ்சுல. அவரு செத்த வருசம்."

ஜீப்பு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சீனிச்சாமி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். பின்னால் திரும்பி அவரைப் பார்த்தான்.

"எங்கம்மா எம்பத்து மூணுலதான் செத்தா" என்றாள் ராக்கு. குரல் உயரவே இல்லை. "தாலியக் கழட்டாமச் செத்தா. எட்டு வருசம் நீ அந்தத் தோட்டத்து வழியாத்தான் போவ வருவ. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ குடிச வாசல்ல நின்னு, பெரியம்மா நீ பொய் சொல்லலன்னு சொல்லியிருந்தா அவ நிம்மதியாக் கண்ண மூடியிருப்பா."

"தப்புத்தான்க்கா."

"எனக்குத் துன்னூறு வேணாம். என்னைய மகள்னு சொல்லவும் வேணாம். ஞாயித்துக்கிழம அம்புட்டுச் சனத்துக்கு முன்னால, பேச்சி பொய் சொல்லலன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் கேக்குறது அதுதான். சாமி மேல சத்தியம் பண்ணியிருக்க."

"அதச் சொன்னா பெரியப்பன் ஓடியாந்தவருன்னு ஆயிரும்."

"ஆமா. ஓடித்தான் வந்தாரு."

"ஊர்ல காறித் துப்புவாகளே அக்கா."

"எண்பது வருசமா எங்க மேல துப்புனது போதும். கொஞ்சம் அவரும் வாங்கிக்கிரட்டும். அவரு எனக்கு அப்பன்தான?"

பெரியகருப்பன் இறங்கி மழைச் சேற்றில் நடக்க ஆரம்பித்தார். சீனிச்சாமி பின்னாலேயே போய்க் கூப்பிட்டும் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரை வீட்டில் அடுப்பெரிந்ததே தவிர யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை இரண்டு பேர் வந்து, பேசாமல் வில்லையைக் கொடுத்துவிட்டால் நல்லது என்று அனுசியாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். சின்ராசு போன் செய்து, "அண்ணே, நான் குடுத்தேன்னு எங்கயும் சொல்லிராதீக" என்றான். பெரியகருப்பனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

ஞாயிறு காலை கோயில்வீட்டு முற்றத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். ராக்கு முற்றத்து வேம்புக்குக் கீழே மகனோடும் மருமகளோடும் தனியாக நின்றாள். மேளம் அடங்கியது. பெரியகருப்பன் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தார்ப்பாயை இழுக்கப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"எங்க பெரியம்மா பேச்சி பொய் சொல்லல" என்றார்.

பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. என்ன என்ன என்று கேட்டார்கள். அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். பர்மாவில் செத்தார் என்பது தங்கள் வீட்டில் கட்டிய கதை என்றும், போலீஸ் வந்தது தனக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும் என்றும் சொன்னார். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஒரே கூச்சல். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த ராஜ்கமல் என்பவன் முன்னால் வந்து, "அப்ப நாங்க இத்தன வருசம் ஒரு ஓடுகாலியவா கும்புட்டோம்?" என்று கத்தினான்.

ராக்கு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"நீ எத்தன வருசம் பட்டாளத்துல இருந்தப்பு?"

"பதினேழு வருசம்."

"லீவு குடுத்தாகளா?"

"வருசா வருசம் குடுத்தாக."

"அவருக்கு ரெண்டு வருசமாக் குடுக்கல. பெண்டாட்டி மொகத்தப் பாக்காமச் செத்துருவோமோன்னு பயந்து வந்துட்டாரு. கும்புட வேணாம்னா விடு. நான் கும்புட்டுக்கிறேன்."

ராஜ்கமல் பின்னால் நகர்ந்துகொண்டான். கல் தார்ப்பாய்க்கு உள்ளேயே இருந்தது. பாதிப் பேர் கலைந்து போனார்கள். பந்திக்கு வடித்த சோறு அண்டாவில் ஆவி பறக்க அப்படியே கிடந்தது.

மதியத்துக்கு மேல் பெரியகருப்பன் ராக்கு வீட்டு வாசலில் வந்து நின்றார். கூட நாவிதரும், எள்ளும் பாலும் வைத்த கூடையோடு வகையறாவில் ஏழெட்டுப் பேரும். "அந்த எடத்தக் காட்டுங்க. மண்ணு சரிஞ்சு மூடிச் செத்த மனுசனுக்கு இன்னும் ஒருத்தரும் தண்ணி எறைக்கல" என்றார்.

ஜீப்பில் முடிந்த மட்டும் ஏறிக்கொண்டு குரங்கணி தாண்டி மூன்றாம் வளைவுக்குப் போனார்கள். மண்ணள்ளும் மிஷின் ஓரமாக நின்றது. வெட்டிய மலைப்பக்கம் சிவப்பும் கறுப்புமாக நீர் கசிந்துகொண்டிருந்தது. மேலே ஏலத்தோட்டத்தின் பெரிய இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். மறுபடி தூறல் பிடித்தது.

நாவிதர் ஒரு கல்லைத் துடைத்துப் போட்டுவிட்டு, "யாருக்கு மொட்டை?" என்று கேட்டார். எல்லோரும் பெரியகருப்பனைப் பார்த்தார்கள். ஆண்வாரிசு இல்லாதவருக்குத் தம்பி மகன்தான் செய்ய வேண்டும். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதை நாலு பேர் பார்க்கச் சீனிச்சாமியின் தோளில் போட்டார்.

"மகள் வயித்துப் பேரன் கல்லுக்குண்டா நிக்கிறப்ப நான் எதுக்கு? வாங்க மாப்ளே, உக்காருங்க."

சீனிச்சாமி கேட்டது புரியாதவன் போல அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். ராக்குவின் வாய் கோணியது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அதையும் மீறி ஒரு சத்தம் வந்தது. அனுசியா ஓடிவந்து பிடித்தாள்.

"போடா" என்றாள் ராக்கு. "ஒங்க மாமன் கூப்புடுறாருல்ல. தலையக் குனிஞ்சு உக்காரு."

அவன் போய் உட்கார்ந்தான். நாவிதர் கையில் தண்ணீர் எடுத்து அவன் தலையில் தெளிக்கப் போய், மழையே நனைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, கத்தியை விரித்தார்.